கிணற்றடியில் கரைகிற காசு

டெங்குக் காலத்தில் எனக்கு வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. பூச்சட்டியின் கீழ்த்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கவிழ்க்காமல் விட்ட சிரட்டை, இலை அடைத்த பீலி என்று தண்ணீர் தங்கக்கூடிய எதையும் எட்டிப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போயிற்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக மட்டக்களப்பு வாவியின் இரண்டு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், சுற்றிய வருடங்களில், எந்தச் சுற்றறிக்கையும் பார்க்கச் சொல்லாத ஒரு சாமானையும் பார்க்கத் தொடங்கினேன். சவர்க்காரப் பெட்டி.

அதற்குள் நுளம்புக் குடம்பி அகப்படாது. அகப்படுவது வேறு.

கல்லடிப் பக்கம் ஒரு வீடு. பின்வளவைப் பார்த்து முடித்து அட்டையில் கையெழுத்து வைக்கும்போது வீட்டுக்கார அம்மா கேட்டார்: "டெங்கு கிடக்கட்டும் சேர். இந்தச் சாமான் விலைக்கு ஒரு வழி சொல்லுங்க. சவுக்காரம் ஒண்டு வாங்கினா கிழமை தாண்டுதில்ல. வீட்டுல ஆறு பேர்." குளிக்கிற இடத்தைக் காட்டச் சொன்னேன். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. திறந்து சரித்தேன். கஞ்சித் தெளிவு மாதிரி வெள்ளையாக ஊற்றியது. சவர்க்காரத்தின் அடிப்பக்கம் கூழாகிப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. விரலால் வழித்துக் காட்டினேன், ஒரு கரண்டிக்குக் குறையாது.

"ஆறு பேர் இல்ல அம்மா, ஏழு பேர். இந்தப் பெட்டியும் உங்களோட சேர்ந்து குளிக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கூழைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

2022இல் கடைகளில் சாமான் தட்டுப்பாடாகி விலை ஏறியதிலிருந்து இந்தக் கேள்வி எல்லா வளவுகளிலும் என் காதில் விழுகிறது. என்னுடைய பதில் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியதாகவே வந்து முடிகிறது. குளியலறைச் சாமான்களில் ஒரு நல்ல பங்கு அழுக்குக்குச் செலவாவதில்லை, ஈரத்துக்குச் செலவாகிறது. எங்கே தண்ணீர் படக்கூடாது, எங்கே ஊற்றவே கூடாது, எந்தத் தண்ணீரில் எதைப் பாவிப்பது என்று தெரிந்தாலே கடைக்குப் போகிற தடவை குறையும்.

கட்டிச் சவர்க்காரத்துக்கு நான் கண்ட நல்ல ஏற்பாடு நாவலடியில், ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் கிணற்றடியில். கிழிந்த நைலோன் வலையில் ஒரு சாண் துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் முடிந்து, சவர்க்காரத்தை உள்ளே விட்டுப் பூவரசங் கொப்பில் தொங்கவிட்டிருந்தார்கள். குளித்து முடித்ததும் தண்ணீர் சொட்டி வடிந்துவிடும், கடற்காற்று மிச்சத்தைக் காயவைத்துவிடும். வலையோடு சேர்த்தே உடம்பில் தேய்க்கலாம். இரண்டு இழுவையில் நுரை வருகிறது. தேய்ந்து மெலிந்த பழைய துண்டுகளையும் அதே வலைக்குள் போட்டுவிட்டால் வழுக்கி விழுந்து வாய்க்காலோடு போகாது. இன்னொரு லாபத்தை அந்த வீட்டு ஆச்சிதான் சொன்னார்: "காகம் தூக்கிற்றுப் போகாது மனே." கிணற்றடியில் சவர்க்காரம் வைத்துவிட்டுத் துவாய் எடுக்க உள்ளே போய் வந்தவர்களுக்கு இது விளங்கும்.

வலை இல்லாத வீட்டில் சிரட்டை போதும். தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று இளகியது. அதைக் குத்தித் துளையாக்கி, உள்ளே ஒரு பிடி தும்பு பரத்தி, மேலே சவர்க்காரத்தை வையுங்கள். தண்ணீர் துளையால் இறங்கிவிடும், தும்பு அடியைக் காற்றில் தூக்கி வைத்திருக்கும். துளை அடைபட்டால் மட்டும் நான் திரும்பவும் டெங்கு அட்டையோடு வரவேண்டியிருக்கும்.

எங்கள் அம்மம்மா புதுச் சவர்க்காரத்தை உறை பிரித்துப் பெட்டகத்தில் சீலைகளுக்கு நடுவே வைப்பார். வாசத்துக்கு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். புதுக் கட்டியில் சுமார் பத்திலொரு பங்கு ஈரம் இருக்கும். சில கிழமைகள் உலர்ந்தால் கட்டி இறுகும், இறுகினால் மெல்லக் கரையும். துணிக்கு வாசம் அதற்கு மேலான வட்டி. துணி துவைக்கிற நீளக் கட்டியையும் வாங்கிய அன்றே நூலால் அறுத்து, துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி உலரவிடலாம். ஒருதடவை எங்கள் வீட்டிலேயே ஒரு கட்டியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மூடி போட்ட பெட்டியிலும் மற்றதைச் சிரட்டையிலும் வைத்துப் பார்த்தேன். பெட்டிக்காரன் முடிந்த நாளில் சிரட்டைக்காரன் இன்னும் கைக்கு அடங்குகிற அளவில் இருந்தான். மனைவி அன்றைக்கே பெட்டியைச் சட்டைப் பொத்தான் போட எடுத்துக்கொண்டார்.

அடுத்தது கிணறு. கடற்கரையோர மணலில் தோண்டிய கிணறுகள் சிலதில் கோடை முற்றும்போது உவர் ஏறும். கடலிலிருந்து தள்ளி, பாறைப்பாங்கான நிலத்துக் கிணறுகளில் தண்ணீர் கடினமாக இருக்கலாம். கேத்திலின் உள்ளே வெள்ளைப் படிவு ஏறினால் அதுதான் அடையாளம். இரண்டிலும் சவர்க்காரம் நுரைக்காது, இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு. கடின நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தைப் பிடித்துக் கரையாத படலமாக்கிவிடும். வாளியின் உட்பக்கம் பிசுபிசுப்பாக ஒட்டுகிற வெள்ளை அதுதான், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சவர்க்காரமே. உப்பு செய்வது இன்னொரு வேலை. சவர்க்காரம் காய்ச்சுகிறவர்கள் கடைசியில் உப்பைப் போட்டுத்தான் சவர்க்காரத்தைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுப்பார்கள். அதே பிரிப்புத்தான் உவர்க் கிணற்றடியில் நம் தலையில் நடக்கிறது. நுரை வரவில்லையே என்று இன்னும் இன்னும் தேய்க்கிறோம்.

தேங்காய் எண்ணெயில் செய்த சவர்க்காரம் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். ஷாம்புவும் சலவைத் தூளும் வேறு வகைப் பொருட்கள், கடின நீர் அவற்றை அவ்வளவாகத் தடுக்காது. குழாய் நீர் வருகிற வீட்டார், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் உடம்பைக் கழுவிவிட்டு, கிணற்று நீரை முற்றத்துக்கும் கழிப்பறைக்கும் வைத்துக்கொண்டால் சவர்க்காரச் செலவு தானாக இறங்கும். பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள், குழாய்க் கட்டணம் வரும் என்ற பயத்தில். இரண்டு கணக்கையும் ஒருமாதம் எழுதிப் பாருங்கள்.

இனி, தண்ணீர் ஊற்றவே கூடாத இடம். ஷாம்புப் போத்தல் அரைவாசி ஆனதும் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைப்பது நம் வீடுகளில் பழைய சிக்கனம். கைகழுவும் திரவத்துக்கும் அதுவே நடக்கிறது. உணவகமொன்றைப் பரிசோதிக்கப் போனபோது கைகழுவுமிடத்துப் போத்தலை அமுக்கினேன். ஒழுகியது வெறும் நிறத் தண்ணீர். மூக்குக்குக் கொண்டுபோனால் ஊறின துணி மணம். முதலாளி பெருமையாகவே சொன்னார், "ஒரு போத்தல் மூண்டு மாசம் வரும் சேர்."

திரவச் சவர்க்காரத்தில் கிருமி வளராமல் காக்கிற பாதுகாப்புப் பொருளை, போத்தலிலுள்ள அளவுக்குக் கணக்காகவே கலந்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றினால் அது நீர்த்துப்போகிறது. பிறகு கிணற்றுத் தண்ணீரோடு வந்த சூடோமோனாஸ் மாதிரியான பக்டீரியாக்கள் அந்தப் போத்தலிலேயே குடியேறிப் பெருகும். கை கழுவப் போன இடத்தில் கிருமியைப் பூசிக்கொண்டு வருவதுதான் மிச்சம். கையில் காயம் உள்ளவருக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் இது விளையாட்டில்லை.

நீர்க்க வேண்டுமானால் உள்ளங்கையில் நீர்க்கலாம். கையை முதலில் நனைத்து, ஒரு சொட்டை விட்டுத் தேய்த்து நுரையாக்கிப் பிறகு தலைக்குப் போட்டால் பாதி ஷாம்பு போதும். போத்தல் அடியில் ஒட்டியதைக் கழுவி எடுப்பதும் சரிதான், அதை அன்றைக்கே பாவித்து முடித்தால். சிக்கனம்தான் நோக்கமென்றால் கைக்குக் கட்டிச் சவர்க்காரமே நல்லது. ஒரே கட்டியை வீட்டார் பகிரலாமா என்று கேட்பார்கள். எடுக்கும்போது ஒருதரம் தண்ணீரில் அலசிவிட்டால் போதும். கிருமிநாசினிச் சவர்க்காரம் என்று கூடுதல் காசு கொடுக்கவும் தேவையில்லை. 2016இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், வீட்டுச் சவர்க்காரங்களில் சேர்த்துவந்த ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருட்களை விலக்கியது. சாதாரணச் சவர்க்காரத்தைவிட அவை நோயைத் தடுக்கும் என்று உற்பத்தியாளர்கள் நிரூபித்துக் காட்டவில்லை என்பதே காரணம். இருபது செக்கன் தேய்ப்பது செலவில்லாத வேலை.

ஷாம்பு பைக்கற்று வாங்குவதா, போத்தல் வாங்குவதா? விலையை மில்லிலீற்றரால் பிரித்துப் பாருங்கள், கடைக்காரரின் கல்குலேட்டரிலேயே பார்க்கலாம். எப்போதும் போத்தல்தான் மலிவு என்று எண்ணவும் வேண்டாம். ஆனால் அன்றாடக் கூலிக்குப் போகிறவரிடம் பெரிய போத்தலாக வாங்குங்கள் என்று புத்தி சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும். அன்றைய கையில் அன்றைய காசுதான். அதற்குப் பைக்கற்றுத்தான் வரும். மாதர் சங்கத்தில் நாலு வீட்டார் சேர்ந்து மொத்தமாக எடுத்துப் பிரித்துக்கொள்கிற ஊர்களும் உண்டு, கட்டிச் சவர்க்காரத்துக்கு அது நன்றாகச் சரிவருகிறது. திரவமாகப் பிரிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: சோடாப் போத்தலில் ஊற்றாதீர்கள். பிள்ளைக்கு அது சோடாதான்.

பற்பசையில்தான் கண்கூடாக வீண்போகிறது. விளம்பரத்தில் தூரிகையின் முழு நீளத்துக்கும் அலை அலையாகப் பிதுக்குவார்கள், விற்கிறவர்கள் அப்படித்தான் காட்டுவார்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வயதுக்கு ஒரு பட்டாணி அளவு. பெரியவர்களுக்கும் அந்தப் பட்டாணியே தாராளம். சின்னப் பிள்ளைகள் விழுங்குவார்கள் என்பதால் அளவு அவர்களுக்குச் சிக்கனம் மட்டுமில்லை, பாதுகாப்பும். இங்கேயும் தண்ணீர்தான் குறுக்கே வருகிறது. துலக்கி முடித்து நாலு வாய் தண்ணீர் கொப்புளித்தால் பல்லைக் காக்கிற புளோரைட்டில் பெரும்பகுதி தொட்டிக்குள் போய்விடும். நுரையைத் துப்பிவிட்டு விட்டுவிடுங்கள். முதல் கிழமை வாய்க்குள் ஒரு மாதிரி இருக்கும், பிறகு பழகும்.

"அந்தக் காலத்துல உமிக்கரிதானே, எங்கட பல்லு என்ன கொட்டியா போச்சு?" என்று படுவான்கரையில் ஒரு பெரியவர் மடக்கினார். வாயைத் திறக்கச் சொன்னேன். பல் இருந்தது, ஈறோரம் வாய்க்கால் வெட்டினது போலத் தேய்ந்திருந்தது. கரி உராயும், அதில் புளோரைட்டு இல்லை. நெல்லு விளைகிற ஊரில் உமிக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது.

சவரக் கத்தியை அலசி, உதறி, துணியில் ஒற்றி ஈரமில்லாத இடத்தில் வைத்தால் கூர் கூடுதல் நாள் நிற்கும். ஆனால் அப்பனும் மகனும் ஒரே கத்தி என்றால் நான் சம்மதிக்கமாட்டேன். ஹெபடைடிஸ் பி அந்தச் சின்னக் கீறலால் போகும். பல்தூரிகை மூன்று மாதம், அதற்கு முன் மயிர் விரிந்தால் அன்றைக்கே. மாதவிடாய் அணையாடையை நாலைந்து மணித்தியாலத்தில் மாற்ற வேண்டும், அதை இழுத்தடிப்பது சேமிப்பில்லை. கட்டுப்படியாகாவிட்டால் பருத்தித் துணி. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நேர் வெயிலில் காயவைக்க வேண்டும். ஒளித்து வைத்து நிழலில் காயப்போடுகிற வெட்கம்தான் அதில் ஆபத்து. மருத்துவமாதுவிடம் கேளுங்கள், என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

கழிப்பறைச் சுத்திகரிப்பான் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரின் போடுகிறோம். மிஞ்சிய தூள் சில வீடுகளில் பொதியாகத் தங்கிவிடும். ஒரு வீட்டில் முடியப்போகிற கழிப்பறை அமிலத்துக்குப் பலம் கூட்ட, அந்தத் தூளில் இரண்டு கரண்டியைப் போத்தலுக்குள் போட்டிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. கதவு சாத்திய சிறிய கழிப்பறை. இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்ததால் அந்தப் பெண் தப்பினார், அன்றிரவு முழுக்க மூச்சு இழுத்தது. அமிலமும் குளோரினும் ஒரே தட்டில்கூட இருக்க வேண்டாம். அப்படி நேர்ந்துவிட்டால் உள்ளே போய்த் தண்ணீர் ஊற்ற நினைக்காமல் எல்லாரும் காற்றுப்பக்கம் வெளியேறி, 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். கழிப்பறைக்குத் தும்புத் தூரிகையும் பழைய சவர்க்காரக் கூழும் நாளாந்தம் போதும். அமிலம் எப்போதாவது, அதுவும் தனியாக.

ஐப்பசி பிறந்தால் மாரி. மழைத்தண்ணீரில் கல்சியமும் உப்பும் இல்லையென்றே சொல்லலாம். பாதிச் சவர்க்காரத்தில் முழுக் குளிப்பு முடிகிறது. முதல் மழைக்குக் கூரையைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து பீலியின் கீழ் பீப்பாய் வையுங்கள். குளிக்கவும் தலை கழுவவும் துணி அலசவும் அதை எடுங்கள். ஆனால் வாயை நுளம்புவலையால் இறுகக் கட்டுங்கள், கிழமைக்கு ஒருதரம் பீப்பாயின் உட்சுவரை உரசிக் கழுவுங்கள், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழு பத்து நாள் போதும். மூடாத பீப்பாயைக் கண்டால் நான் நோட்டீஸ் எழுதுவேன், அந்தத் தண்ணீரில் கழுவிய தலைமுடி எவ்வளவு மினுங்கினாலும்.