‘கருணைக்கொலை’ என்ற சொல் செய்யும் குழப்பம்

“ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க டாக்டர். அப்பா படுற பாட்டைப் பார்க்க முடியல.”

வலி நிவாரண சிகிச்சை மருத்துவரான நான் இதை அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, பல நாள் தூங்காத பிள்ளைகள். அவர்களிடம் நான் உடனே சட்டம் பேசுவதில்லை. அப்பாவுக்கு எங்கே வலிக்கிறது, கடைசியாக எப்போது தூங்கினார் என்றுதான் கேட்பேன். சரியான அளவில் வலி மருந்தான மார்ஃபின் கொடுத்து, கூடவே அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்தால், பல வீடுகளில் அந்தப் பேச்சே நின்றுவிடுகிறது. எல்லா வீட்டிலும் அல்ல.

ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். நோயாளியே கெஞ்சிக் கேட்டாலும் குற்றம்தான். இனிப் பலன் தராத சிகிச்சையை நிறுத்தி, நோய் தன் போக்கில் முடிய விடுவது வேறு. அதைச் சட்டம் அனுமதிக்கிறது. நாமோ இரண்டையும் ‘கருணைக்கொலை’ என்றே சொல்கிறோம். சொல்லுக்குள்ளேயே கொலை இருந்தால் எந்த மகன் கையெழுத்துப் போடுவான்?

பக்கவாதத்தில் மூளை மீள முடியாத அளவுக்குச் சேதமான ஒரு பெரியவர் வென்டிலேட்டரில் இருந்தார். “குழாயை எடுத்தா நாங்க கொன்னதா ஆகாதா?” என்றார் மகன். வழக்கு வருமோ என்று மருத்துவர்களுக்கும் பயம். கடைசியில், ‘மருத்துவர் சொல்லை மீறி அழைத்துச் செல்கிறோம்’ என்று எழுதிக்கொடுத்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். வீடு போய்ச் சேருமுன்பே, மூச்சுத்திணறலுக்கு ஒரு சொட்டு மருந்துகூட இல்லாமல், வழியிலேயே போய்விட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு என்னிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். சட்டப்படி வழி இருக்கிறது என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது இன்றும் உறுத்துகிறது.

அந்த வழி எளிதில் வந்ததல்ல. 1973இல் தாக்கப்பட்டு, இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் மும்பை மருத்துவமனையிலேயே கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் முதல் கதவைத் திறந்தது. 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனம் 21ஆம் பிரிவு தரும் உரிமைக்குள் வரும் என்று சொல்லி, மீள முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலை ஏற்றது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023இல் எளிதாக்கினார்கள். 18 வயது நிறைந்தவர், தெளிந்த மனதோடு, இரண்டு சாட்சிகள் முன் எழுதி, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தனக்காகப் பேச வேண்டியவர்களின் பெயரையும் எழுத வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சிகிச்சையை நிறுத்தும் நிலை வந்தால் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்கும். உயில் எழுதாதவருக்கும், குடும்பத்தின் சம்மதத்தோடு இந்த வழி உண்டு.

அப்படியானால் ஊசியையும் அனுமதித்தால் என்ன? எனக்குத் தயக்கம் இருக்கிறது. விருதுநகர், மதுரைப் பக்கம் தலைக்கூத்தல் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுவார்கள். அதையும் கருணை என்றுதான் சொன்னார்கள். அந்த முதியவரை யாராவது கேட்டார்களா? பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கிறோம் என்று தினமும் புலம்பும் ஒருவர் “போதும்” என்றால், அது அவருடைய விருப்பமா, வீட்டின் வறுமையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

ஆனால் ஓர் ஆசிரியை இருக்கிறார். நரம்பு நோயில் கைகால் போய், பேச்சும் போய்விட்டது. ஒற்றை விரலால் ஃபோனில் எழுதுவார். பணக்கஷ்டம் இல்லை, மனச்சோர்வும் இல்லை. “அம்மா, மூச்சு நிற்கும் கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று நீங்கள் எழுதிவைக்கலாம். திணறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். மறு வாரமே மகளையும் தம்பியையும் பெயர் போட்டு உயில் எழுதினார். அப்புறம் ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“அது வரைக்கும் நான் காத்திருக்கணும்னு யார் முடிவு பண்ணினது?”

அவருக்குச் சொல்ல என்னிடம் இன்னும் பதில் இல்லை.