கிளை மேனேஜரை மாற்றியதோடு கணக்கு தீர்ந்துவிடாது

பிசான அறுவடை முடிந்து நெல் காசு கைக்கு வருவதும், வங்கிகள் மார்ச் கணக்கு முடிக்க ஓடுவதும் தாமிரபரணிப் பாசனத்தில் ஒரே சமயத்தில்தான். ஒரு வருஷம் கழித்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், முக்கூடல் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி புகார் ஃபைல் வரும். எஃப்.டி. போடப் போனவர் கையில் ஆயுள் காப்பீட்டு பாலிசி. ‘ஒரே தடவை கட்டினா போதும் அண்ணாச்சி, வட்டி கூட’ என்று வாங்கிய 2 லட்சம், உண்மையில் பத்து வருஷம் கட்ட வேண்டிய பிரீமியத்தின் முதல் தவணை.

அடுத்து நடப்பதும் ஒரே மாதிரிதான். குடும்பத்தோடு கிளைக்குப் போய்ச் சத்தம் போடுவார்கள். விற்ற பையன் சஸ்பெண்ட், மேனேஜருக்கு டிரான்ஸ்ஃபர். ‘அவன மாத்திட்டாங்கல்லா, அது போதும்’ என்று திரும்பிவிடுவார்கள். எப்படிப் போதும்? மாதத்துக்கு இத்தனை பாலிசி என்ற எண்ணைக் கிளை மேனேஜர் உட்கார்ந்து யோசித்து வைத்துக்கொள்வதில்லை. அது தலைமை அலுவலகத்தில் முடிவாகி, மண்டல அலுவலகத்தில் பிரிக்கப்பட்டு, தினமும் மாலைக் கூட்டத்தில் ‘இன்னைக்கு எத்தனை?’ என்று இறங்கி வருகிறது. ஆள் மாறினாலும் எண் மாறாது. அடுத்து வருகிறவரும் அதே கவுண்டரில் அதையேதான் விற்பார்.

இன்னொரு நம்பிக்கை இதைவிட மோசமானது: ‘ரிசர்வ் வங்கி அபராதம் போட்டுட்டு, நியாயம் கிடைச்சாச்சு.’ தயவுசெய்து இதைக் கொஞ்சம் யோசியுங்கள். அபராதத்தை வங்கி கட்டுகிறது. அது வங்கியின் லாப நஷ்டக் கணக்கில் ஒரு செலவு, பங்குதாரர் பணம். அரசு வங்கி என்றால் பெரும்பங்கு அரசுடையது, அதாவது நம்முடையது. இலக்கு வைத்தவரின் சம்பளத்தில் அந்த உத்தரவு கை வைப்பதில்லை. ஏமாந்தவருக்கும் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. அபராத அறிவிப்பிலேயே இதை எழுதித்தான் வெளியிடுகிறார்கள்: விதிமுறைக் குறைபாட்டுக்கான நடவடிக்கை மட்டுமே இது, வாடிக்கையாளரோடு செய்த பரிவர்த்தனை செல்லுமா என்பது பற்றித் தீர்ப்பு சொல்வதல்ல. அந்தக் கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை.

மேலே இருப்பவர்களைத் தொடவே முடியாதா? முடியும், தொட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் இலக்குக்காக வாடிக்கையாளருக்குத் தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள். முதலில் சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். 2016இல் வங்கி 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. அத்தோடு விடவில்லை. தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ப் 4.1 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை இழந்து பதவி விலகினார். 2020இல் 1.75 கோடி டாலர் சொந்த அபராதமும், வங்கித் தொழிலில் இனி இருக்கவே கூடாது என்ற வாழ்நாள் தடையும் வந்தன. இங்கே யெஸ் வங்கி நிறுவனங்களிடமும் சாதாரண ஆட்களிடமும் விற்ற 8,415 கோடி ரூபாய் ‘ஏ.டி.1’ பத்திரங்கள் (வங்கி நொடித்தால் போட்ட பணமே போய்விடக்கூடியவை) 2020 மார்ச்சில் ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் ஆயின. எஃப்.டி.யை உடைத்து அதில் போட்டவர்களும் உண்டு. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, வங்கிக்கு அபராதம் போட்டதோடு நிற்கவில்லை. விற்பனைப் பிரிவு அதிகாரிகளுக்கும், 2022இல் முன்னாள் தலைவர் ராணா கபூருக்கும் தனித்தனியாக அபராதம் விதித்தது.

தனியார் வங்கி உயர் அதிகாரிகளின் ஊதியத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. மொத்த ஊதியத்தில் பாதியாவது செயல்பாட்டைப் பொறுத்தது. அதில் 60 சதவீதத்தையாவது உடனே தராமல் குறைந்தது மூன்று வருஷத்துக்குப் பிரித்துத் தர வேண்டும். தவறு தெரிந்தால் கொடுத்ததையும் திரும்ப வாங்கலாம். விதி இருந்தும் பயன்படாமல் போவதற்குக் காரணம், கீழேயிருந்து மேலே போகும் காகிதம் இல்லாததுதான். நிறுவனம் தவறு செய்தது என்பதற்காகவே அதன் தலைவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. சட்டமே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவருடைய நேரடிப் பங்குக்கு ஆதாரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிளையில் போடும் சத்தம் ஆதாரம் ஆகாது.

அதனால் புகாரை எழுத்தில் கொடுங்கள். நிர்வாக இயக்குநர் பெயருக்கு எழுதி, வங்கியில் புகார்களுக்குப் பொறுப்பான முதன்மை நோடல் அதிகாரிக்கு நகல் போட்டு, கிளையில் ஒரு பிரதிக்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதினால் ‘வாடிக்கையாளர் கையெழுத்திட்டுள்ளார்’ என்று ஒருவரிப் பதில் வரும். கேள்வியாகக் கேளுங்கள். விற்றவர் பெயரும் அவருடைய காப்பீட்டு விற்பனைச் சான்று எண்ணும் என்ன? விண்ணப்பப் படிவ நகலும், பாலிசி தருவதற்கு முன் போனில் விவரம் கேட்கும் சரிபார்ப்பு அழைப்பின் ஒலிப்பதிவும் எங்கே? இந்த வயதுக்கும் வருமானத்துக்கும் இது பொருத்தம் என்று யார் முடிவு செய்தது? அந்த மாத விற்பனை இலக்கை எந்த அலுவலகம் நிர்ணயித்தது?

படிவ நகல் வந்ததும் முதலில் செல்போன் எண்ணைப் பாருங்கள். பாதி வழக்கு அந்தக் கட்டத்தில்தான் இருக்கும். வேறு யாருடைய எண்ணாவது இருக்கும், சரிபார்ப்பு அழைப்புக்கு அந்த ஆளே ‘ஆமா, ஆமா’ சொல்லியிருப்பார். பீடி சுற்றும் பெண்ணுக்குத் தொழில் ‘வியாபாரம்’, ஆண்டு வருமானம் 6 லட்சம் என்று எழுதியிருக்கும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது!

பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லையா? வேறெதுவும் வேண்டாம், காப்பீட்டு நிறுவனத்துக்கு ரத்துக் கடிதம் கொடுங்கள். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். நாள் கடந்திருந்தால், புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். புகார் இணையதளத்தில் பதியலாம், விவரத்துக்கு 14448. நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு வருஷத்துக்குள். வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அலைய வேண்டியதில்லை. அரசு வங்கி என்றால் 10 ரூபாய்க்கு ஆர்.டி.ஐ. போட்டு இலக்குச் சுற்றறிக்கையைக் கேளுங்கள். வணிக ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். அந்த மறுப்புக் கடிதமும் ஃபைலில் இருக்கட்டும்.

கிளையில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாய்வழியாக வரும் இலக்கை மெயிலில் கேளுங்கள். தர மாட்டார்கள். ‘இன்று மாலைக் கூட்டத்தில் தாங்கள் சொன்னபடி நாளைக்குள் 5 பாலிசி’ என்று நீங்களே எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள். அனுப்பிய தேதியையும் நேரத்தையும், யார் சொன்னார் என்பதையும் வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சஸ்பெண்ட் ஆன அன்றைக்கு ஆபீஸ் மெயில் உங்களுக்குத் திறக்காது.