உச்சிக் கம்பம் இடிதாங்கி அல்ல

ககன்யான் சோதனை ஏவூர்தியின் படத்தைப் பார்த்த பெரம்பூர் வாசகர் ஒருவர், உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான கம்பம் இடிதாங்கியா என்று கேட்டிருக்கிறார். அது தனியொரு ராக்கெட். கீழே உள்ள ஏவூர்தி வெடிக்கும் நிலைக்கு வந்தால், வீரர்கள் அமர்ந்திருக்கும் கலத்தை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு விலகுவதே அதன் வேலை. 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாமல் சோதித்துப் பார்த்ததும் இதைத்தான்.

அமெரிக்காவின் மெர்க்குரி கலத்துக்காக இந்த அமைப்பை வகுத்தவர்களில் முதன்மையானவர் மாக்ஸிம் ஃபாஷே. 1921இல் இன்றைய பெலீஸில் பிறந்து, உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றி, 1946இல் லாங்லி ஆய்வகத்தில் சேர்ந்து, மெர்க்குரி முதல் விண்ணோடம் வரை உருவாக்கத்தில் பங்கேற்று 1981இல் ஓய்வு பெற்ற பொறியாளர் அவர்.

கோபுரம் என்று அழைக்கப்படும் இந்த உச்சி ராக்கெட்டில் திட எரிபொருளே இருக்கும். பம்பு, வால்வு எதுவும் வேண்டாம், பொறி பட்டதும் முழுவேகம் கிடைக்கும். ஆனால் என்னை மயக்குவது வேறொன்று. மேலிருந்து இழுக்கப்படும் கலம், கயிற்றில் தொங்கும் குண்டுபோலத் தானாக நேராகிவிடும் என்றே பலரும் எண்ணுகிறோம். 1926இல் ராபர்ட் கோடார்டும் இந்த நம்பிக்கையில்தான் தம் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டின் எஞ்சினை உச்சியில் பொருத்தினார். அது பிழை. கயிறு அசையாத ஆணியில் கட்டப்பட்டிருப்பதால் குண்டு சாய்ந்தாலும் ஆணியை நோக்கியே இழுக்கும். ராக்கெட்டின் உந்துவிசையோ, உடல் சாய்ந்தால் தானும் சேர்ந்து சாய்ந்துவிடும், நிமிர்த்த வராது. நிமிர்த்துவது காற்று. எடை முன்னாலும் காற்று தள்ளும் பரப்பு பின்னாலும் இருந்தால், சாய்ந்த உடலின் வாலைக் காற்று பிடித்துத் திருப்பிவிடும். தீபாவளி ராக்கெட்டிலும் மருந்து முன்னால்தான் இருக்கிறது; ஆயினும் குச்சியை முறித்துவிட்டுக் கொளுத்தினால் அது எதிர்வீட்டு மாடிக்குள் நுழைவதைத் திருவல்லிக்கேணிச் சந்துகளில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். இதனால்தான் மெர்க்குரி கோபுரத்தின் நுனியில் வெறும் எடையை வைத்தார்கள். ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்திலும் ககன்யானிலும் வலைபோன்ற துடுப்புகளைப் பின்பக்கம் பொருத்தினார்கள்.

பயன்படாவிட்டால் வழியிலேயே கழற்றி எறியப்படும் பொருளுக்கு இத்தனை செலவா என்று கணக்குப் பார்ப்பவர்கள், 1983 செப்டம்பர் 26 அன்று ஏவுதளத்திலேயே தீப்பற்றிய சோயுஸிலிருந்து கோபுரத்தின் தயவால் உயிரோடு மீண்ட டிட்டோவ், ஸ்ட்ரேகலோவ் என்ற விண்வெளி வீரர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கோபுரம் ஏமாற்றியதும் உண்டு. 1960 நவம்பர் 21 அன்று, மெர்க்குரி கலத்தைச் சுமந்த ஆளில்லாத ரெட்ஸ்டோன் ஏவூர்தி நான்கு அங்குலம் எழும்பி, எஞ்சின் அணைந்து, மீண்டும் மேடையிலேயே உட்கார்ந்தது. மின்இணைப்புகள் தவறான வரிசையில் விடுபட்டதால், பயணம் இயல்பாக முடிந்துவிட்டது என்று கருவிகள் எடுத்துக்கொள்ள, கோபுரம் கலத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் பறந்தது. பின்னாலேயே பாராசூட்டுகள் வெளிவந்து ராக்கெட்டின் பக்கவாட்டில் தொங்கின. அதே கலம், வேறொரு கோபுரத்தைச் சூடிக்கொண்டு, டிசம்பர் 19 அன்று ஒழுங்காகப் பறந்து திரும்பியது.