அமிலம் வேறு எதையெல்லாம் கரைக்கிறது?

ஆலைக் கழிவிலிருந்து அரிய உலோகங்களை மீட்கும் திட்டங்களை மதிப்பிடுவது என் பணி. வந்து சேரும் அறிக்கைகள் பெரும்பாலும் தேடிய உலோகத்தில் எத்தனை விழுக்காடு கரைந்தது என்பதையே முன்னிறுத்துகின்றன. ஆனால், அமிலம் உடன் கரைத்த மற்றவற்றின் கணக்குதான் ஆலை ஓடுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அலுமினியத் தாதுவான பாக்சைட்டிலிருந்து அலுமினாவை (அலுமினியம் ஆக்சைடை) பிரித்தபின் எஞ்சும் செஞ்சேற்றில் டன்னுக்கு 100 கிராம் ஸ்காண்டியம் என்ற அரிய உலோகம் இருந்தால் அது நல்ல சேறு. அதே டன்னில் இரும்பு ஆக்சைடு மட்டுமே 300 கிலோவைத் தாண்டக்கூடும். சேறு கடுங்காரம் என்பதால், ஊற்றும் கந்தக அமிலத்தின் முதற்பகுதி அந்தக் காரத்தை அடக்கவே செலவாகிவிடுகிறது. பல சேறுகளில் ஸ்காண்டியத்தின் கணிசமான பகுதி இரும்புத் தாதுக்களின் படிகத்துக்குள்ளேயே இருப்பதால், அதை முழுதாக எடுக்க முனைந்தால் இரும்பும் கூடவே கரைந்து வரும். பிறகு அந்த இரும்பைச் சுண்ணாம்பிட்டுப் படியவைத்தால், ஜிப்சமும் இரும்பு ஹைட்ராக்சைடும் கலந்த புதிய சேறு குவியும். கடைசிச் சில விழுக்காட்டை விட்டுக்கொடுத்து, அமிலத்தைக் குறைப்பதே பல வேளைகளில் லாபம் என்பது என் கருத்து.

புதிதாக இறங்குவோரைத் திணறடிப்பது சிலிக்கா. சேற்றிலுள்ள, சிலிக்கா அடங்கிய சோடியம் அலுமினோசிலிக்கேட் அமிலத்தில் எளிதில் கரைந்துவிடும். முதலில் தெளிவாகத் தெரியும் கரைசல் நேரம் செல்லச் செல்லக் கூழாகி, கலக்கியின் தண்டில் அப்பிக்கொண்டு, வடிகட்டித் துணியின் கண்களை அடைத்துவிடும். குறைந்த நீருடன் செறிந்த அமிலத்தில் சேற்றைப் பிசைந்துவிட்டு, அதன்பின் நீர் விட்டுக் கரைத்தால், சிலிக்கா பெரும்பாலும் திடப்பொருளாகவே தங்கிவிடுகிறது. கலவை நன்றாகச் சூடேறும் என்பதால் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும்.

துத்தநாக ஆலைக் கழிவில் இண்டியமும் ஜெர்மேனியமும் தேடுவோர் ஆர்சனிக்கை மறக்கவே கூடாது. அமிலக் கரைசலில் துத்தநாகத் தூளை இட்டு உலோகங்களைப் படியவைக்கும்போது, கரைசலில் ஆர்சனிக் இருந்தால் ஆர்சைன் வாயு எழக்கூடும். நிறமற்ற இந்த வாயுவின் மெல்லிய பூண்டு வாடையை எச்சரிக்கையாக நம்பியிருக்க முடியாது. வாடை தெரியாத செறிவிலேயே அது தீங்கு செய்யும். இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் இதன் அறிகுறிகளான தலைவலி, வயிற்றுவலி, செங்கருமையான சிறுநீர் ஆகியவை பல மணி நேரம் கழித்தே தோன்றலாம் என்பதால், வேலை முடிந்து வீடு திரும்பியவரும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். கழிவில் சல்பைடு இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் வரும். ஆகவே, ஆர்சனிக், சல்பைடு அளவுகளைக் காட்டும் பகுப்பாய்வு கைக்கு வரும்முன்னும் சரி, உறிஞ்சு காற்றோட்டமும் அந்தந்த வாயுவுக்குரிய உணரியும் இல்லாத இடத்திலும் சரி, சோதனைக்காகக்கூட அமிலம் ஊற்றக் கூடாது.