'ஷார்ட் டெர்மிசம்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பின்னால் பெரிய பிரச்சினை வரும் என்று தெரிந்தும், இப்போதைக்குப் பலன் தரும் வேலையை மட்டும் செய்வதற்குப் பெயர் ஷார்ட் டெர்மிசம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனிகள், பத்து வருடம் கழித்துப் பலன் தரும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவதையும் இப்படித்தான் சொல்வார்கள். இன்றைக்கு அரசியல் பேச்சிலும் சகஜமாகிவிட்டது.

'டெர்ம்' லத்தீனின் 'டெர்மினஸ்' வழியாக வந்தது. எல்லை என்று பொருள், டெர்மினல், டெர்மினேட் எல்லாம் அந்தக் குடும்பம்தான். எல்லை காலவரம்பாகி, பதவிக்காலத்தையும் குறிக்க ஆரம்பித்தது.

இதைக் 'குறுங்காலவாதம்' என்று எழுதினால் எனக்கு உடன்பாடில்லை. வாதம் என்றால் யாராவது அதைக் கொள்கையாக ஏற்றுப் பேச வேண்டும், நாளையைப் பற்றிக் கவலையில்லை என்று எந்தத் தலைவர் மேடையேறிச் சொல்கிறார்? 'கிட்டப்பார்வை'யும் சரிவராது, ஏனென்றால் தூரத்தில் இருப்பது இவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது.

பஞ்சாபைப் பாருங்கள். 1997இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கொடுத்தார்கள், 2002இல் வந்த அமரிந்தர் சிங் அரசு அதை நிறுத்தியது, அதே அரசே 2005இல், அடுத்த தேர்தலுக்கு இரண்டு வருடம்கூட இல்லாத நேரத்தில், திரும்பக் கொடுத்தது. இலவசமாக மோட்டார் ஓடினால் நிலத்தடி நீர் இறங்கும் என்பது அரசுக்குத் தெரியாதா என்ன? நீர் இறங்க இறங்க மோட்டார் குழியை ஆழப்படுத்தினார்கள், அதற்கும் எட்டாதபோது நீர்மூழ்கி மோட்டார் வாங்க வேண்டியதாயிற்று. வசதி உள்ளவர் வாங்கிவிட்டார், சிறு விவசாயி கடனில் மாட்டினார். நீரை மிச்சப்படுத்த, 2009இல் ஜூன் 10க்கு முன்னால் நெல் நாற்று நடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதனால் அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைக்க நாள் போதாமல், வைக்கோலை அவசரமாக எரிப்பது கூடியது. இலவச மின்சாரத்தை மட்டும் எந்தக் கட்சியும் நிரந்தரமாகக் கைவிடவில்லை.

பொதுவாகச் சொல்லக் 'குறுங்கால நோக்கு' போதும். தேர்தலைக் கணக்குப் பண்ணி எடுக்கும் முடிவுகளை மட்டும் 'பதவிக்கால நோக்கு' என்று எழுதலாம் என்பது என் கருத்து, காரணம் எங்கே இருக்கிறது என்பது அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும். வேல்ஸ் நாட்டில் 2015இல் வருங்காலத் தலைமுறைகளுக்காகச் சட்டம் போட்டு, ஓர் ஆணையரை நியமித்தபோது அவருக்கு 7 ஆண்டு கொடுத்தார்கள், அங்கே ஓர் அரசின் ஆயுளைவிட அது அதிகம். ஆனால் அரசின் முடிவைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, பரிந்துரைதான் செய்யலாம்.