பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு: மூளைக்குள் என்ன நடக்கிறது?

குழந்தை பிறந்து மூன்று நாள் ஆனதும் காரணமே தெரியாமல் அழுகை முட்டிக்கொண்டு வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு உண்டு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். அதைத் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தையைப் பார்த்தாலும் மனசு அசையாமல், 'நான் நல்ல அம்மா இல்லை' என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். குழந்தை தூங்குகிறது, பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கிறது, உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது, அப்படியும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால் கவனியுங்கள்.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களையும் ஏராளமாகச் சுரப்பது நஞ்சுக்கொடி. அது வெளியே வந்ததும் சில நாட்களுக்குள் இரண்டும் மளமளவென்று சரிகின்றன. புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளும் கூடவே குறைகிறது. காபா என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டி, மூளையின் பரபரப்பை அடக்கும் இடங்களான காபா ஏற்பிகளுக்குத் துணை நிற்பது இதுதான்.

சரி, இந்தச் சரிவு எல்லாத் தாய்மாருக்கும் நடக்கிறதே, சிலருக்கு மட்டும் ஏன் நோய்? 2000-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கர்ப்பமாக இல்லாத 16 பெண்களுக்கு 8 வாரம் இந்த ஹார்மோன்களைக் கூடுதல் அளவில் கொடுத்து, எப்போது நிறுத்துகிறார்கள் என்று சொல்லாமல் நிறுத்திப் பார்த்தார்கள். முன்பு பிரசவ மனச்சோர்வு வந்திருந்த 8 பேரில் 5 பேருக்கு மனநிலை மோசமானது, வராத 8 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. ஹார்மோன் மாற்றம் ஒன்றுதான், அதைத் தாங்கும் மூளைதான் ஆளுக்கு ஆள் வேறு. இதைப் போய் பாசக் குறைவு, சோம்பல் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஹார்மோன் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. துண்டு துண்டான தூக்கம், ஏற்கெனவே வந்த மனச்சோர்வு, கைகொடுக்க ஆளில்லாத வீடு, கணவனின் வன்முறை எல்லாம் சேரும். தைராய்டு கோளாறும் இதேபோல் சோர்வாக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பேச்சு சிகிச்சையும் மனச்சோர்வு மாத்திரைகளும் நன்றாகவே பலன் தருகின்றன. பால் கொடுக்கிறோமே என்ற பயம் வேண்டாம், செர்ட்ராலின் போன்ற மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. அல்லோபிரெக்னனோலோனைப் போலவே வேலை செய்யும் சுரனோலோன் என்ற 14 நாள் மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அப்புறம் ஒன்று, ஆயிரம் தாய்மாரில் ஒன்றிரண்டு பேருக்கு இல்லாத குரல் கேட்கும், நடக்காததை நம்புவார்கள். இதுவோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடும் எண்ணமோ இருந்தால், அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.