அனுப்பிய பிறகு வராதீர்கள், அனுப்பும் முன் வாருங்கள்

ஆலோசனை கேட்டு என் அறைக்கு இந்த மாதத்தில் வந்த மூன்றாவது பெண் இவர். உள்ளே வந்ததும் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "அனுப்பிட்டேன் மேடம்" என்றார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

காதலனோடு நான்கு வருடப் பழக்கம். அவன் வேறொருத்தியைக் கல்யாணம் செய்யப்போவது இவருக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. அன்று நள்ளிரவில் ஒரு போலிக் கணக்கு தொடங்கி, அவன் நம்பிப் பகிர்ந்த அந்தரங்கப் படங்களை அந்தப் பெண்ணுக்கும் அவன் அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டார். மனசு எவ்வளவு நேரம் லேசாக இருந்தது என்று கேட்டேன். "பத்து நிமிஷம் இருக்கும்." அதன்பிறகு விடியும்வரை, யார் பார்த்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று கைபேசியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏமாற்றியவன் அவன். இன்று போலீஸ் விசாரணைக்கு அலைவது இவர்.

"பழி தீர்த்தால்தான் மனசு ஆறும்." இதை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தோழிகள் சொல்கிறார்கள், படித்தவர்களும் சொல்கிறார்கள். ஆறாது அம்மா, ஆறவே ஆறாது. 2002இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். தங்களை அவமதித்தவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பயிற்சி மூட்டையைக் குத்தியவர்கள், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். 2008இல் கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் மூவரும் செய்த ஆய்வு இன்னும் தெளிவு. ஒரு விளையாட்டில் தங்களை ஏமாற்றியவரைத் தண்டித்தால் நிம்மதி வரும் என்று கலந்துகொண்டவர்கள் எதிர்பார்த்தார்கள். தண்டிக்க வாய்ப்புக் கிடைத்தவர்களோ, கிடைக்காதவர்களைவிட மோசமான மனநிலையில் இருந்தார்கள். அந்த ஆளையே அதிகம் நினைத்துக்கொண்டும் இருந்தார்கள். மறக்க வேண்டியவனைப் பழிவாங்கல் நம் தலைக்குள்ளேயே குடிவைத்துவிடுகிறது. என் அறையில் நான் வாரந்தோறும் பார்ப்பதும் இதைத்தான்.

கோபமே படக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கோபம் நியாயமானது. பணம் வாங்கி ஏமாற்றினானா, அடித்தானா, மிரட்டினானா? அதற்குப் புகார் கொடுங்கள், வழக்கறிஞரைப் பாருங்கள். அது உங்கள் உரிமை, அதைப் பழிவாங்கல் என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் கோபத்தில் நடக்காததையும் சேர்த்து எழுதாதீர்கள். ஒரு வரி பொய்யென்று தெரிந்தால், உண்மையான ஒன்பது வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மற்றபடி சுருக்கமாகச் சொல்கிறேன். இரவில் எதையும் அனுப்பாதீர்கள். எழுதியே தீரவேண்டும் என்றால் காகிதத்தில் எழுதுங்கள். அடுத்தவரின் அந்தரங்கப் படத்தைப் பரப்புவது பல நாடுகளில் குற்றம், அனுப்பியது ஆணா பெண்ணா என்று சட்டம் பார்க்காது. போலிக் கணக்கு உங்களை மறைக்கும் என்று நம்பவேண்டாம். நீங்கள் அழித்தாலும் பார்த்தவரிடம் நகல் இருக்கும். அவனுடைய சமூக ஊடகப் பக்கத்தைத் தினமும் போய்ப் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அவன் கல்யாணம் செய்யப்போகும் பெண்ணை விட்டுவிடுங்கள், அவருக்கு உங்களைப் பற்றித் தெரியவே தெரியாமல்கூட இருக்கலாம்.

எனக்கு அதிகம் பயம் தருவது இன்னொரு பேச்சு. "நான் செத்தாத்தான் அவனுக்கு உறைக்கும்." இதைச் சொன்னவர்கள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நினைப்பு ஒருமுறை வந்தால்கூடத் தனியாக இருக்காதீர்கள். இப்போதே அக்காவையோ தோழியையோ பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள்; மனநல மருத்துவரையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். கூட இருப்பவர்களும் "சும்மா மிரட்டுறா" என்று தள்ளிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

படங்களை அனுப்பிவிட்டு வந்த அந்தப் பெண் போன வாரமும் வந்திருந்தார். முந்தைய இரவு ஏழு பக்கம் எழுதியிருந்தார். காலையில் படித்துப் பார்த்து அவரே கிழித்துவிட்டாராம். விசாரணை இன்னும் முடியவில்லை.